குடியேற்ற விசா நேர்காணலுக்கான ஆவணங்கள்

குடியேற்ற விசா நேர்காணலுக்கான ஆவணங்கள் என்பன, வேறொரு நாட்டில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிப்பவர் தமது அடையாளம், பிறப்பு, உறவுமுறை, மணநிலை, நன்னடத்தை, உடல்நலம், பொருளாதாரப் பின்புலம் ஆகியவற்றை மெய்ப்பிப்பதற்காகத் தூதரக அலுவலர் முன் அளிக்கும் சான்றுகள் ஆகும். இக்கட்டுரை குடும்ப உறவின் அடிப்படையில் தமிழ்நாட்டிலிருந்து ஐக்கிய அமெரிக்காவுக்குக் குடியேற விண்ணப்பிப்போர் திரட்ட வேண்டிய ஆவணங்களை விளக்குகின்றது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோர வட்டமாகிய மணமேல்குடி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது. நகரங்களிலிருந்து தொலைவில் அமைந்த இத்தகைய வட்டங்களில் பிறந்தோருக்கு ஏற்படும் ஆவணச் சிக்கல்கள் தமிழ்நாட்டின் பிற ஊர்ப்புறங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

சுற்றுலா, கல்வி, தற்காலிகப் பணி ஆகியவற்றுக்கான விசாக்களுக்கும் குடியேற்ற விசாவுக்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. முன்னவற்றில் விண்ணப்பதாரர் தாயகம் திரும்புவார் என்பதே பெரும்பாலும் ஆராயப்படுகின்றது. குடியேற்ற விசாவிலோ மனுதாரருக்கும் விண்ணப்பதாரருக்கும் உள்ள உறவு உண்மையானதா என்பதே முதன்மையான வினா ஆகும். இவ்வினாவுக்கு விடையளிப்பவை பெரும்பாலும் பிறப்பு, திருமண ஆவணங்களே.

பின்னணி

அமெரிக்காவின் 1917 ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடை செய்யப்பட்ட வலயமாக்கியது. இந்தியரும் இத்தடைக்குள் அடங்கினர். 1946 இல் இயற்றப்பட்ட லூசு-செல்லர் சட்டம் ஆண்டுக்கு 100 இந்தியர் குடியேற வழிவகுத்தது. 1965 ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டினவாரிப் பங்கீட்டை நீக்கி, குடும்ப உறவுக்கும் தொழில் திறனுக்கும் முன்னுரிமை அளித்தது. இன்றுள்ள முறை இச்சட்டத்தின் அடிப்படையில் அமைந்தது.

அமெரிக்கக் குடிமகனின் கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளை, பெற்றோர் ஆகியோர் நெருங்கிய உறவினர் எனப்படுகின்றனர். இவர்களுக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு இல்லை. பெற்றோருக்கு மனுச் செய்யும் குடிமகன் 21 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும். உடன்பிறந்தோர், மணமான பிள்ளைகள், நிரந்தர வாழுநரின் கணவன் அல்லது மனைவி போன்றோர் முன்னுரிமைப் பிரிவுகளில் அடங்குவர். இப்பிரிவுகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. எந்த ஒரு நாட்டுக்கும் ஆண்டுதோறும் 7 விழுக்காட்டுக்கு மேல் வழங்கலாகாது என்ற விதியும் உள்ளதால், இந்தியாவில் பிறந்த உடன்பிறந்தோர் 15 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்க நேர்கின்றது. இந்நீண்ட இடைவெளியில் சான்றுகள் தொலைவதும், சாட்சி சொல்லக்கூடிய முதியோர் இறப்பதும், பிள்ளைகள் வயது வரம்பைக் கடப்பதும் நிகழ்கின்றன.

படிநிலைகள்

1. அமெரிக்காவிலுள்ள உறவினர், குடியுரிமை மற்றும் குடிவரவுச் சேவைகள் துறையிடம் ஐ-130 என்னும் மனுவை அளிக்கின்றார். மனு பெறப்பட்ட நாள் முன்னுரிமை நாள் எனப்படும்.
2. மனு ஏற்கப்பட்ட பின்னர் கோப்பு நியூ ஆம்ப்சயர் மாநிலத்திலுள்ள தேசிய விசா மையத்துக்கு அனுப்பப்படுகின்றது.
3. வரம்புக்குட்பட்ட பிரிவினர், மாதந்தோறும் வெளியாகும் விசா அறிக்கையில் தம் முன்னுரிமை நாள் இடம்பெறும் வரை காத்திருக்க வேண்டும்.
4. கட்டணங்கள் செலுத்தப்பட்ட பின்னர், டிஎஸ்-260 என்னும் இணையவழி விண்ணப்பம் நிரப்பப்படுகின்றது. குடியியல் ஆவணங்களும் நிதி ஆவணங்களும் வருடப்பட்டு இணையத்தில் பதிவேற்றப்படுகின்றன.
5. ஆவணங்கள் நிறைவாக உள்ளன என மையம் அறிவித்த பின்னரே நேர்காணல் நாள் ஒதுக்கப்படும்.
6. மருத்துவச் சோதனையை முடித்துக்கொண்டு, மூல ஆவணங்களுடன் விண்ணப்பதாரர் நேர்காணலுக்குச் செல்கின்றார்.

இந்தியாவில் குடும்பவழிக் குடியேற்ற விசா நேர்காணல்கள் மும்பையிலுள்ள அமெரிக்கத் துணைத்தூதரகத்தில் நடத்தப்படுகின்றன. இத்துணைத்தூதரகம் 2011 முதல் பாந்திரா-குர்லா வளாகத்தில் இயங்கி வருகின்றது. சென்னைத் துணைத்தூதரகம் அண்மையில் இருந்தபோதும், தமிழ்நாட்டு விண்ணப்பதாரர் இதற்காக மும்பை செல்ல வேண்டியுள்ளது. எனவே ஓர் ஆவணம் குறைந்தாலும் பயணச்செலவும் காலமும் வீணாகும்.

பிறப்புச் சான்றிதழ்

பிறப்புச் சான்றிதழில் விண்ணப்பதாரரின் பெயர், பிறந்த நாள், பிறந்த இடம், தாய் தந்தை இருவரின் பெயர்கள் ஆகியன இருத்தல் வேண்டும். அது அரசுப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கான அலுவலரின் குறிப்பும் தேவை. குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார் அட்டை ஆகியன இதற்கு மாற்றாக மாட்டா.

இந்தியாவில் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969 இல் இயற்றப்பட்டது. இச்சட்டப்படி பிறப்பு நிகழ்ந்த இடத்தின் பதிவாளரிடமே அது பதியப்பட வேண்டும். பெற்றோரின் நிலையான முகவரி கருதப்படுவதில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது தமிழரிடையே நெடுங்கால வழக்கம். ஆகவே, மணமேல்குடியில் வளர்ந்து, அவ்வூரையே சொந்த ஊராகக் கருதும் ஒருவரின் பிறப்பு, தாயின் ஊராகிய மீமிசலிலோ பேராவூரணியிலோ பதிவாகியிருக்கலாம். உள்ளூர்ப் பதிவேட்டில் பெயர் காணப்படவில்லை என்பதனாலேயே பிறப்பு பதியப்படவில்லை என முடிவு செய்தல் தவறாகும். முதலில் பிறந்த இடத்தை முதியோரிடம் கேட்டறிதல் வேண்டும்.

நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் அந்தந்த அலுவலகத்திலும், ஊராட்சிப் பகுதிகளில் கிராம நிர்வாக அலுவலர் வழியாகவும் பிறப்புகள் பதியப்பட்டு வந்துள்ளன. பழைய ஆண்டுகளின் ஊர்ப்புறப் பதிவேடுகள் சார்பதிவாளர் அலுவலகங்களிலும் பேணப்படுகின்றன. தேடுவதற்குப் பிறந்த ஆண்டும் பெற்றோர் பெயரும் இன்றியமையாதவை.

பழைய பதிவுகளில் குழந்தையின் பெயர் இல்லாமல், 'ஆண்' அல்லது 'பெண்' என மட்டும் குறிக்கப்பட்டிருப்பது பொதுவாகக் காணப்படும் குறை ஆகும். பெயர் சூட்டும் முன்னரே பிறப்பு பதியப்பட்டதே இதற்குக் காரணம். இத்தகைய சான்றிதழ் தனித்து நிற்காது. பெயரைச் சேர்க்க இயலுமானால் சேர்த்துக்கொள்வதும், இயலாவிடின் துணைச் சான்றுகளை இணைப்பதும் தேவையாகும்.

மாவட்டப் பெயர் வேறுபாடு

புதுக்கோட்டை மாவட்டம் 1974 சனவரி 14 அன்று உருவாக்கப்பட்டது. அதற்கு முன்னர் அறந்தாங்கி வட்டமும் அதன் கடலோரப் பகுதிகளும் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தன. எனவே 1974 க்கு முன் மணமேல்குடிப் பகுதியில் பிறந்தவரின் மூலப்பதிவில் தஞ்சாவூர் மாவட்டம் எனவும், கடவுச்சீட்டில் புதுக்கோட்டை எனவும் காணப்படலாம். இரண்டும் உண்மையே. விண்ணப்பத்தில் பிறந்த இடத்தைக் கடவுச்சீட்டிலும் சான்றிதழிலும் உள்ளவற்றோடு ஒப்பிட்டு எழுதுவதும், வேறுபாட்டின் காரணத்தை ஓரிரு வரிகளில் விளக்க அணியமாக இருப்பதும் நன்று.

பிறப்பு பதியப்படாதபோது

வீட்டிலேயே மருத்துவச்சியின் உதவியுடன் நடந்த பிறப்புகள் பல பதியப்படாமலே போயின. இந்நிலையில் இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, தாமதப் பதிவு. நிகழ்வுக்கு ஓராண்டுக்குப் பின்னர் பதிவு செய்ய முன்னர் நீதித்துறை நடுவரின் ஆணை தேவைப்பட்டது. 2023 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இவ்வதிகாரத்தை மாவட்ட நடுவர், கோட்ட நடுவர் அல்லது மாவட்ட நடுவரால் அதிகாரமளிக்கப்பட்ட நிர்வாக நடுவருக்கு மாற்றியது. இத்திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மணமேல்குடி வட்டம் அறந்தாங்கி வருவாய்க் கோட்டத்தில் அடங்குகின்றது.

இரண்டாவது, பதிவு இல்லை என்பதற்கான சான்றிதழைப் பெற்று, அதனுடன் துணைச் சான்றுகளை இணைத்தல். துணைச் சான்றுகளாகப் பின்வருவன அளிக்கப்படுகின்றன:

- பள்ளி மாற்றுச் சான்றிதழ் அல்லது பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்
- பெற்றோரின் உறுதிமொழி ஆவணம்
- பெற்றோர் உயிருடன் இல்லாவிடின், பிறப்பை நேரில் அறிந்த, விண்ணப்பதாரரினும் மூத்த நெருங்கிய உறவினரின் உறுதிமொழி ஆவணம்

உறுதிமொழி ஆவணத்தில், அளிப்பவருக்கும் விண்ணப்பதாரருக்கும் உள்ள உறவு, பிறந்த நாள், பிறந்த இடம், பெற்றோர் இருவரின் பெயர்கள் ஆகியவற்றுடன், இச்செய்திகளை அவர் எவ்வாறு அறிவார் என்பதும் கூறப்பட வேண்டும். உடன்பிறந்தோர் பிரிவில் மனுதாரர், விண்ணப்பதாரர் ஆகிய இருவரின் பிறப்புச் சான்றுகளும் தேவைப்படும். ஏனெனில் இருவருக்கும் பொதுவான தாயோ தந்தையோ உண்டு என்பதே இங்கு மெய்ப்பிக்கப்பட வேண்டியது. காத்திருக்கும் காலம் நெடியது என்பதால், பெற்றோர் உயிருடன் உள்ளபோதே அவர்களது உறுதிமொழியைப் பெற்று வைப்பது பயனுடையது.

பள்ளிச் சான்றைப் பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை தேவை. பள்ளியில் சேர்க்கும் நாளில் வயது வரம்புக்கு ஏற்பப் பிறந்த நாளை மாற்றி எழுதும் வழக்கம் முற்காலத்தில் இருந்தது. இதனால் பிறப்புப் பதிவேடு ஒரு நாளையும், பள்ளிச் சான்றும் அதன்வழிப் பெற்ற கடவுச்சீட்டும் வேறொரு நாளையும் காட்டலாம். இம்முரண்பாட்டை மறைக்காமல், நேர்காணலுக்கு முன்னரே உரிய அலுவலகத்தில் திருத்திக்கொள்ள வேண்டும்.

சான்றுகள் வலுவற்றவை என அலுவலர் கருதினால், மரபணுச் சோதனையைப் பரிந்துரைக்கலாம். இச்சோதனை விண்ணப்பதாரரின் விருப்பத்துக்குட்பட்டது. செலவும் அவரையே சாரும்.

திருமணச் சான்றிதழ்

கணவன் அல்லது மனைவிக்கான விசாவில் திருமணப் பதிவுச் சான்றிதழே முதன்மையானது. தமிழ்நாட்டில் இந்துத் திருமணச் சட்டம் (1955), சிறப்புத் திருமணச் சட்டம் (1954) ஆகியவற்றின் கீழ் பதிவு நடைபெற்று வந்தது. 1967 ஆம் ஆண்டுத் திருத்தம் புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 எல்லாச் சமயத்தினருக்கும் பதிவைக் கட்டாயமாக்கியது. திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் அளிக்கப்படுகின்றன.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் முசுலிம் மக்கள் கணிசமாக வாழ்கின்றனர். இவர்களது திருமணங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. இப்பதிவேட்டின் படியுடன் சார்பதிவாளரிடம் பெற்ற அரசுப் பதிவுச் சான்றையும் வைத்திருத்தல் சிக்கலைக் குறைக்கும். கோயில், தேவாலயத் திருமணங்களுக்கும் இது பொருந்தும்.

முந்தைய திருமணம் இருந்திருப்பின், அது முடிவுற்றதற்கான நீதிமன்ற மணவிலக்குத் தீர்ப்பு அல்லது துணைவரின் இறப்புச் சான்றிதழ் தேவை. மனுதாரருக்கும் விண்ணப்பதாரருக்கும் இது பொருந்தும். திருமண அழைப்பிதழ், நிழற்படங்கள், கடிதப் போக்குவரத்து, பணம் அனுப்பிய சான்றுகள், இருவரும் ஒன்றாக மேற்கொண்ட பயணங்களின் பதிவுகள் ஆகியன உறவு உண்மையானது என்பதைக் காட்டத் துணைபுரிகின்றன.

காவல்துறைச் சான்றிதழ்

16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் காவல்துறைச் சான்றிதழ் அளிக்க வேண்டும். இந்தியாவில் இது கடவுச்சீட்டு அலுவலகத்தால் வழங்கப்படுகின்றது. புதுக்கோட்டை மாவட்டம் திருச்சிராப்பள்ளி மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் ஆட்சிப்பரப்பில் உள்ளது. இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்திய பின்னர், உள்ளூர்க் காவல் நிலையத்தின் விசாரணை தேவைப்படலாம். கடவுச்சீட்டிலுள்ள முகவரியில் தற்போது வசிக்காதவர்களுக்கு இவ்விசாரணை காலம் எடுக்கும்.

பிற நாட்டில் 12 மாதங்கள் அல்லது அதற்கு மேல் வாழ்ந்தவர் அந்நாட்டின் சான்றிதழையும் அளிக்க வேண்டும். வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் பணிபுரிந்து திரும்பியோர் மிகுதியாக உள்ள மணமேல்குடிப் பகுதிக்கு இவ்விதி முக்கியமானது. சிங்கப்பூரில் காவல் படையும், மலேசியாவில் வெளியுறவு அமைச்சும் இச்சான்றை வழங்குகின்றன. நாடு திரும்பிய பின்னர் விண்ணப்பிக்கும்போது விரல் ரேகைப் படிவம், பழைய கடவுச்சீட்டின் படி, பணி அனுமதி அட்டையின் எண் ஆகியன கேட்கப்படலாம். ஆகவே காலாவதியான கடவுச்சீட்டுகளையும் பழைய பணி அட்டைகளையும் எறிந்துவிடலாகாது. சில நாடுகளில் இச்சான்றிதழ் பெற இயலாது என அமெரிக்க வெளியுறவுத் துறையே தனது நாடுவாரிப் பட்டியலில் குறித்துள்ளது. அந்நாடுகளுக்கு விலக்கு உண்டு.

காவல்துறைச் சான்றிதழ் பொதுவாக இரண்டு ஆண்டுகள் செல்லும். முன்னர் வாழ்ந்த நாட்டின் சான்றிதழைப் பெற்ற பின்னர் அந்நாட்டுக்கு மீண்டும் செல்லாதிருந்தால், அதனைப் புதுப்பிக்க வேண்டியதில்லை.

பெயர் வேறுபாடு

குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத தமிழர் மரபு, ஆவணங்களில் தனிச் சிக்கலை உருவாக்குகின்றது. தந்தையின் பெயர் பள்ளிச் சான்றில் தலைப்பெழுத்தாகவும், கடவுச்சீட்டில் விரிந்த வடிவிலும், திருமணத்துக்குப் பின் பெண்களின் ஆவணத்தில் கணவர் பெயராகவும் மாறுகின்றது. கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயராகக் கொள்ளப்பட்டு, முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்ற எழுத்துகள் அச்சிடப்படும். முதற்பெயர் அறியப்படவில்லை என்பது அதன் பொருள்.

ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஏற்படும் வேறுபாடும் குறிப்பிடத்தக்கது. முகம்மது, லெட்சுமி, செல்வராசு போன்ற பெயர்கள் ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதப்படுகின்றன. சிறு வேறுபாடுகளுக்கு, இரு பெயர்களும் ஒரே நபரைக் குறிப்பன என்னும் உறுதிமொழி ஆவணம் இணைக்கப்படுகின்றது. பெயரே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிடுவது உரிய வழியாகும். டிஎஸ்-260 விண்ணப்பத்தில் வேறு பெயர்கள் கேட்கப்படும் இடத்தில் எல்லா வடிவங்களையும் குறிப்பிடல் வேண்டும்.

மொழிபெயர்ப்பு

தமிழில் உள்ள சான்றுகளுடன் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்கப்பட வேண்டும். மொழிபெயர்ப்பு துல்லியமானது என்றும், தமக்கு இரு மொழிகளிலும் தேர்ச்சி உண்டு என்றும் மொழிபெயர்ப்பாளர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். மூலத்தில் உள்ள பிழையை மொழிபெயர்ப்பில் திருத்துதல் கூடாது. முத்திரை, ஓரக்குறிப்பு ஆகியவற்றையும் பெயர்த்தல் வேண்டும்.

நிதி ஆதரவு ஆவணங்கள்

மனுதாரர் ஐ-864 என்னும் ஆதரவு உறுதிமொழியை அளிக்கின்றார். அவரது வருவாய், குடும்ப அளவுக்குரிய அமெரிக்க வறுமைக் கோட்டின் 125 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். வருமான வரி ஆவணங்கள், ஊதியச் சான்று ஆகியன இணைக்கப்படுகின்றன. வருவாய் போதாவிடின் கூட்டு ஆதரவாளர் ஒருவர் கையொப்பமிடலாம். இது வெறும் சடங்கு அன்று. நீதிமன்றத்தில் செயற்படுத்தத்தக்க ஒப்பந்தம் ஆகும். குடியேறியவர் குடியுரிமை பெறும் வரை அல்லது 40 காலாண்டு வேலைக்கணக்கை எய்தும் வரை இப்பொறுப்பு பொதுவாக நீடிக்கும். மணவிலக்கால் இப்பொறுப்பு நீங்குவதில்லை.

மருத்துவச் சோதனை

தூதரகம் ஏற்பளித்த மருத்துவர்களிடம் மட்டுமே சோதனை செய்துகொள்ள வேண்டும். தடுப்பூசிப் பதிவுகள், பழைய நோய்களின் மருத்துவக் குறிப்புகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுதல் வேண்டும். 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு மார்பு ஊடுகதிர்ப்படம் எடுக்கப்படுகின்றது. காசநோய் ஐயம் ஏற்பட்டால் சளி வளர்ப்புச் சோதனைக்கு ஏறத்தாழ எட்டு வாரங்கள் தேவைப்படும். எனவே நேர்காணலுக்கு ஓரிரு நாட்களுக்கு முன்னர் சோதனைக்குச் செல்வது ஏற்றதன்று.

பிள்ளைகளின் வயது

முன்னுரிமைப் பிரிவுகளில் 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகள் பெற்றோருடன் குடியேறலாம். 2002 ஆம் ஆண்டுக் குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விசா கிடைக்கத்தக்க நாளில் பிள்ளைக்குள்ள வயதிலிருந்து, மனு பரிசீலனையில் இருந்த காலம் கழிக்கப்படும். எடுத்துக்காட்டாக, மனு 5 ஆண்டுகள் பரிசீலனையில் இருந்து, விசா கிடைக்கத்தக்க நாளில் மகளுக்கு 24 வயது எனில், கணக்கிடப்படும் வயது 19 ஆகும். மனு 2 ஆண்டுகளில் ஏற்கப்பட்டிருந்தால் அவ்வயது 22 ஆகி, அவர் தகுதியிழப்பார். விரைவாக ஏற்கப்பட்ட மனு இவ்விடத்தில் பாதகமாக முடிவது இச்சட்டத்தின் விந்தையாகும். மனு ஏற்கப்பட்ட பின்னர் முன்னுரிமை நாளுக்காகக் காத்திருக்கும் காலம் கழிக்கப்படுவதில்லை.

இச்சலுகையைப் பெற, விசா கிடைக்கத்தக்க நாளிலிருந்து ஓராண்டுக்குள் விசாவுக்கான முயற்சி தொடங்கப்பட வேண்டும். பிறப்புச் சான்றைத் தேடுவதிலேயே இவ்வோராண்டைக் கழித்து, பிள்ளையை விட்டுச் செல்லும் நிலைக்கு உள்ளான குடும்பங்களும் உண்டு. கட்டணம் செலுத்தி விண்ணப்பத்தை அளித்துவிட்டு, எஞ்சிய சான்றுகளைத் திரட்டுவது பாதுகாப்பான வழியாகும்.

நேர்காணல் நாள்

நேர்காணலுக்குக் கொண்டு செல்ல வேண்டியன:

- நேர்காணல் அழைப்புக் கடிதம்
- பயண நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குக் குறையாமல் செல்லத்தக்க கடவுச்சீட்டு
- டிஎஸ்-260 உறுதிப்பக்கம்
- 2 அங்குலம் × 2 அங்குலம் அளவுள்ள நிழற்படங்கள்
- பதிவேற்றிய எல்லாக் குடியியல் ஆவணங்களின் மூலங்களும் படிகளும் மொழிபெயர்ப்புகளும்
- உறவை மெய்ப்பிக்கும் துணைச் சான்றுகள்
- மருத்துவ அறிக்கை (மருத்துவர் கையில் கொடுத்திருப்பின், உறை பிரிக்கப்படாமல்)

விண்ணப்பதாரர் உண்மை கூறுவதாக உறுதிமொழி எடுத்த பின்னர் வினாக்கள் கேட்கப்படும். குடும்பத்தினர், மனுதாரரின் பணி, கடைசியாகச் சந்தித்த நாள் போன்றவை வழக்கமான வினாக்கள் ஆகும்.

முடிவுகள்

ஆவணக் குறை இருப்பின், குடிவரவுச் சட்டத்தின் 221(ஜி) பிரிவின்கீழ் விசா தற்காலிகமாக மறுக்கப்பட்டு, குறையுள்ள ஆவணங்களின் பட்டியல் அளிக்கப்படும். ஓராண்டுக்குள் அவற்றை அளித்தால் புதிய கட்டணமின்றி விண்ணப்பம் மீண்டும் ஆராயப்படும். ஓராண்டுக்கு மேல் எவ்விதத் தொடர்பும் இல்லாவிடின் பதிவே நீக்கப்படக்கூடும்.

போலி ஆவணம் அளித்தல் இதனினும் மிகக் கடுமையான விளைவை உடையது. 212(ஏ)(6)(சி) பிரிவின்படி, விசா பெறும் நோக்கில் முக்கியமான செய்தியைத் திரித்துக் கூறுபவர் நிரந்தரமாகத் தகுதியிழக்கின்றார். மிகக் குறைந்த விலக்குகளே உள்ளன. பதிவு இல்லாத ஒருவருக்கு, 'பதிவு இல்லை' என்னும் உண்மையான சான்றிதழ் சட்டப்படி ஏற்கத்தக்கது. இதனை அறியாமல், இடைத்தரகரிடம் பணம் கொடுத்துப் பெறும் போலிப் பிறப்புச் சான்றிதழ், உண்மையான உறவையே ஐயத்துக்குள்ளாக்கி, பல ஆண்டுக் காத்திருப்பை ஒரே நாளில் வீணாக்கிவிடும்.

ஈழத் தமிழ் ஏதிலிகள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் தோப்புக்கொல்லை, லேணாவிளக்கு, அழியாநிலை ஆகிய இடங்களில் ஈழத் தமிழர் முகாம்கள் உள்ளன. போரில் ஆவணங்களை இழந்தோருக்கு மேற்கூறிய சிக்கல்கள் பன்மடங்காகின்றன. இலங்கையில் பிறந்தோர் அந்நாட்டுப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து பிறப்புச் சான்றின் புதிய படியைப் பெற வேண்டும். முகாமில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பு இந்தியச் சட்டப்படி உள்ளூரிலேயே பதியப்படுகின்றது. இலங்கைக் குடியுரிமையை நிலைநாட்ட, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அப்பிறப்பைத் தனியே பதிவு செய்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- கடவுச்சீட்டு
- விசா
- பிறப்புச் சான்றிதழ்
- மணமேல்குடி
- புதுக்கோட்டை மாவட்டம்
- தமிழர் புலம்பெயர்வு